கறுத்த சீப்பு

"அதை நான் வெக்கலைங்க." உள்ளே வந்து உட்காருவதற்கு முன்பே மொய்ரா சார்ல்டன் சொல்லிவிட்டாள். அவள் பூட்ஸில் அப்பியிருந்த சேறு இன்னும் காயவில்லை.

ஹெஸ்தர் மில்பர்ன் போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தேநீரை ஊற்றிக் கொடுத்தார். பக்கத்து வீட்டு டேவி டாட் அதற்குள் கார் சாவியோடு வந்து நின்றார். முன்னாள் தபால்காரர்; அடுத்தவர் வழக்கென்றால் அவருக்கு மூட்டுவலி மறந்துவிடும்.

மேட்டுக்காட்டில் இருந்த ரோமானியக் கோட்டையில் தொல்பொருள் அகழாய்வு நடக்கிறது; மொய்ரா இரண்டு வருடமாக, வருடத்துக்கு இரண்டு வாரம், தன்னார்வலராக அங்கே தோண்டுகிறாள். கணவன் போனபின் அவள் மனிதர்களோடு பேசுவது அந்த இரண்டு வாரம்தான். அடுத்த வருட இடத்துக்குக் குலுக்கல் உண்டு. நல்ல பொருள் கண்டெடுத்து, பெயர் பலகையில் ஏறிவிட்டால் குலுக்கல் இல்லாமலே இடம். கடைசி நாளான இன்று காலை, குழியில் அவளுக்கு ஒதுக்கிய கட்டத்தில் ஒரு மரச்சீப்பு கிடைத்தது. அவளே கொண்டுவந்து புதைத்தாள் என்றார்கள். சாயங்காலத்துக்குள் பழி தீராவிட்டால் இனி அவள் அங்கே கால் வைக்க முடியாது.

குழியருகே அகழாய்வுத் தலைவி லோர்னா கறாராக நின்றாள்.

"இந்த மண்ணுக்குள்ள காத்தே போகாதுங்க. மரம் வைக்கோல் மாதிரி மஞ்சளா வரும், வெளிய எடுத்த அஞ்சு நிமிஷத்துல கறுத்துடும். இவங்க சீப்பு வரும்போதே கறுப்பு. வெளியிலேருந்து வந்ததுதானே?"

ஹெஸ்தர் சீப்பைத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு பல் இல்லை.

"அந்தக் கட்டத்துல பல் கிடைச்சுதா?"

"சல்லடையே போட்டுட்டோம். இல்ல."

அடுத்த கட்டத்துக்காரர் வில்ஃப் ராப்சன் பிளாஸ்டிக் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார். ஆடு மேய்த்தவர். தினமும் நாலு மணிக்கு எல்லோரும் பஸ் ஏறிய பிறகு குழியை மூடிவிட்டுப் போவது அவர் வேலை. ஹெஸ்தர் அவர் கட்டத்தில் மண்டியிட்டு, தூறலில் மண்கட்டிகளை ஒவ்வொன்றாக உடைத்தார்.

"மேடம், சீப்பு கிடைச்சது அந்தப் பக்கம்," என்றார் டேவி.

"அந்தப் பக்கந்தான் பாத்தாச்சே, டேவி."

அரைமணி கழித்து எல்லோரையும் கூப்பிட்டார். உள்ளங்கையில் ஒரு மஞ்சள் சிம்பு. சீப்போடு சேர்த்துப் பிடித்தார். முறிந்த இடம் அப்படியே பொருந்தியது.

"கறுப்புன்னா காத்துப் பட்டிருக்குன்னுதான் அர்த்தம். வெளியூர்லேருந்து வந்ததுன்னு இல்ல. சீப்பு இந்த மண்ணுதுதான். இந்தக் கட்டத்துல எடுக்கும்போது பல் முறிஞ்சு மண்ணுக்குள்ளயே நின்னுடுச்சு. எடுத்தவர், ஆளில்லாத நேரத்துல மொய்ராவோட கட்டத்துல புதைச்சிருக்கார். ஆளில்லாத நேரம் இங்க இருக்கறது ஒருத்தர்தான்."

அவர் பேசி முடிப்பதற்குள் அந்தச் சிம்பு கண்ணெதிரே கறுத்துவிட்டது.

வில்ஃப் தொப்பியைக் கழற்றினார். "நேத்து கிடைச்சுது. ரெண்டு வருஷமா மொய்ராவுக்கு ஒண்ணுமே கிடைக்கல. குலுக்கல்ல இவ பேர் வராமப் போயிட்டா, அடுத்த வருஷம் நான் யாரோட டீ குடிக்கறது? சேறு பூசி வெச்சா கறுத்தது தெரியாதுன்னு நெனச்சேன்."

"என்னை ஏமாத்துக்காரின்னு பட்டம் கட்டி நிறுத்தினாங்களே, அப்ப வாயில என்ன வெச்சிருந்தீங்க?" என்றாள் மொய்ரா.

"சொன்னா நீ என் பக்கம் திரும்பவே மாட்டியோன்னு பயம்."

காலையில் பலகையில் எழுதியிருந்த மொய்ராவின் பெயரை லோர்னா அழித்தாள். பழி போயிற்று; ஆனால் சீப்பு அவள் கண்டெடுத்ததில்லை என்றாகிவிட்டதால் அடுத்த வருடம் குலுக்கல்தான். வில்ஃபுக்கு இனி அதுவும் இல்லை.

எவளோ ஒருத்தி யாருக்கோ தலைவாரிய சீப்பு தண்ணீர் டப்பாவுக்குள் போனது. ஆட்கள் கலைந்தார்கள். வில்ஃப் பழக்கம் மாறாமல் விரிப்பின் ஓரத்தில் கல் வைத்துக்கொண்டிருந்தார். மனிதர் பாவம், அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

பஸ் ஹாரன் அடித்தது. மொய்ரா ஏறவில்லை. திரும்பி வந்து ஒரு கல்லைத் தூக்கி விரிப்பில் வைத்தாள்.

"கோபம் போகலை. போகவும் நாளாகும்," என்றாள். "ஆமா, உங்க வீடு எங்க இருக்கு?"

இரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தும், இதை அவள் இன்றுதான் கேட்டாள்.