மோட்டார் இல்லாத பம்ப்

மோட்டாரைக் கழற்றி ஒன்பது நாளான பம்பிலிருந்து அதிர்வு வந்துகொண்டிருந்தது. மாதாப்பூர் அலுவலகத் திரையில் அதிர்வைக் காட்டும் பச்சைக் கோடு மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. தூங்குகிறவனின் மார்பு மாதிரி என்று தோன்றியதும் பிளெசி காபியைக் கீழே வைத்துவிட்டாள்.

உப்பல் ஆலையின் பம்புகள் பழுதாகுமுன் எச்சரிப்பது அவள் வேலை. அந்த மூன்றாம் நம்பர் பம்ப் ஓயாமல் அலாரம் அடித்து மாதாந்திர அறிக்கையைக் கெடுத்தது. ஜூலையில் அவள்தான் அலாரம் அடிக்கும் அளவை உயர்த்தி வைத்தாள். அதன்பின் அது அடிக்கவேயில்லை. கிரீஸ் வைக்கப் போன ஃபிட்டர் வெஸ்லியின் மேல் பேரிங் உடைந்து தெறித்த அன்றும் அடிக்கவில்லை. விசாரணையில், "சென்சார் கோளாறு சார்," என்றாள். வெஸ்லியின் மனைவி எமி கல்லறைத் தோட்டத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்னக்கா பண்ணுவீங்க," என்று அழுதாள். அந்தப் பிடியின் ஈரம் இன்னும் போகவில்லை.

சென்சாரைக் கழற்றிவிட்டால் கோடு நின்றுவிடும். மதியமே ஆட்டோ பிடித்து உப்பல் போனாள்.

காவலாளி குணசேகரன் பம்ப் அறையைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றார். "தனியா நக்கோ மேடம், போவாதீங்க. நாளைக்கு ஆளுங்க வருவாங்க."

"ரெண்டு நிமிஷம்ண்ணா."

உள்ளே வெயிலில் காய்ந்த கிரீஸ் வாடையும், பினாயில் ஊற்றிக் கழுவியும் போகாத இன்னொரு வாடையும் இருந்தன. குழாய்களை வெட்டி எடுத்திருந்தார்கள். தண்ணீர் நுழையும் வாய் கறுப்பாகத் திறந்து கிடந்தது. ஆனாலும் அந்தத் தண்டு, எதோடும் சேராத அந்த இரும்புத் தண்டு, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

சத்தமே இல்லை.

சென்சாரைப் பிடுங்கினாள். தண்டு நிற்கவில்லை. தொட்ட இரும்பில் உடம்புச் சூடு.

"நான்தான்," என்றாள். மறுபடி சொன்னாள். "அளவை ஏத்தினது நான்தான், வெஸ்லி. எமிகிட்ட சொல்லிடறேன்."

தண்டு நின்றது.

உள்ளே ஓர் உரசல். யாரோ ஊர்ந்து வருவதுபோல. கிட்டே. இன்னும் கிட்டே. கறுப்பு வாயின் விளிம்பை உள்ளிருந்து ஒரு விரல் பற்றியது. எண்ணெய் ஊறிய விரல். பிறகு இன்னொன்று. எண்ணிக்கொண்டு நின்றாள். எட்டு. ஒன்பது. பத்து.

விரல்கள் இன்னும் வந்துகொண்டிருந்தன.