லைன்லயே இருங்கம்மா

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்குள் நான் நுழைந்தபோது நல்ல பகல். நாலு பெண்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்கள். இன்டர்நெட் வழியாக அழைப்புகளை வாங்கித் தரும் சர்வர் காலையிலிருந்து விழுவதும் எழுவதுமாக இருந்தது. அதைச் சரிசெய்வதுதான் என் பிழைப்பு.

"வாங்க சர்வர் டாக்டரே," என்றார் மேற்பார்வையாளர் அக்கா. "பேசிட்டு இருக்கும்போதே கட் ஆகுது. யார் உயிர் போகப்போகுதோன்னு பயமா இருக்கு."

எனக்கும் பயம்தான். வீட்டில் என் மனைவிக்கு நிறைமாதம், கூட யாரும் இல்லை. 'வலி எடுத்தா முதல்ல ஆம்புலன்ஸுக்குப் பண்ணு, அப்புறம் எனக்குப் பண்ணு' என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

சர்வர் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஏசி குளிரிலும் விசிறிகளின் இரைச்சலிலும் தைல வாசம் அடித்தது. யாருக்கோ ஜலதோஷம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

வெளி இணைப்பு வயரைப் பிடுங்கிவிட்டு சர்வரை மறுபடி எழுப்பினேன். இனி வெளியிலிருந்து ஒரு அழைப்பும் உள்ளே வர வழியில்லை.

திரையில் ஒரு அழைப்பு காத்திருந்தது.

துண்டித்தேன். சர்வர் படுத்துவிட்டது.

மறுபடி எழுப்பினேன். மறுபடி அதே அழைப்பு.

"சனியனே, யாரு நீ?" என்று வாய்விட்டே திட்டினேன்.

அக்கா கதவருகே வந்து நின்றிருந்தார். திரையில் இருந்த எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நேத்து ஒரு வயசான அம்மா பண்ணாங்க," என்று கிசுகிசுத்தார். "மூச்சுத்திணறல். 'லைன்லயே இருங்கம்மா, வெச்சிடாதீங்க, வண்டி வந்துட்டே இருக்கு'ன்னு நான்தான் சொன்னேன். வண்டி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. போனைக் காதுல வெச்சபடியே இருந்தாங்களாம்."

"சும்மா இருங்கக்கா, நீங்க வேற!"

ஹெட்போனை மாட்டி அந்த அழைப்பை எடுத்தேன்.

இழுப்பு. நெஞ்சுக்கூட்டைக் கீறிக்கொண்டு வரும் மூச்சு.

தைல வாசம் என் மூக்கருகே வந்தது.

"தம்பி... நான் வெச்சிடட்டுமா?"

பிடுங்கிய வயர் இன்னும் என் கையில்தான் இருந்தது.

"வெச்சிடுங்கம்மா," என்றேன். இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பெரியவர்களைப் பார்த்துப் 'போங்க' என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "போயிட்டு வாங்கம்மா."

"சரிப்பா. வரேன்."

திரை காலியானது. வயரைச் செருகினேன். அழைப்புகள் மளமளவென்று வந்தன, ஒன்றுகூட அறுபடவில்லை. வெளியே பெண்கள் கைதட்டினார்கள். அக்கா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வாங்கன்னா சொன்னீங்க?"

"வாய்ல வந்துடுச்சுக்கா. எல்லாரும் சொல்றதுதானே!"

அழைப்புகள் ஓய்ந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அப்போது மனைவி கைபேசியில் கூப்பிட்டாள்.

"வலி எடுத்துடுச்சுங்க. பதறாதீங்க. நீங்க சொன்ன மாதிரி முதல்ல வீட்டு போன்ல ஆம்புலன்ஸுக்குத்தான் பண்ணேன். அந்த லைன் அப்படியே இருக்கு."

நாலு பெண்களையும் பார்த்தேன். நாலு பேருடைய திரையும் காலியாக இருந்தது. ஒருத்தி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு எடுத்தா?"

"யாரோ வயசான அம்மா. 'வந்துட்டேம்மா, லைன்லயே இரு, வெச்சிடாதே'ன்னு திரும்பத் திரும்பச் சொல்றாங்க. பாவம், அவங்களுக்கே மூச்சு வாங்குது."

"அக்கா, எங்க வீட்டுக்கு வண்டி அனுப்புங்க!" என்று கத்தினேன். "நீ அந்த போனை வெச்சிடு. முதல்ல வெச்சிடு!"

மறுமுனையில் அவள் எதையோ மோந்து பார்ப்பது கேட்டது.

"ஏங்க," என்றாள் மெதுவாக, "நம்ம வீட்டுல தைலமே கிடையாதே. எங்கேருந்து வாசம் வருது?"