கடைசிக்கு முந்தின தாள்

"என் அக்காவே என்னைத் திருடன்னு சொல்லி வெளியே தள்ளிட்டா சார்," என்று சொன்ன பைண்டர், நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. அறுபதைத் தாண்டிய மனிதர். நகக்கண்ணெல்லாம் காய்ந்த பசை.

செக்கர் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். பொய் சொல்கிறவன் எந்தப் பையை முதலில் தடவுவான் என்று பார்த்தே காலம் தள்ளியவர். தெருவில் எது காணாமல் போனாலும் அவரிடம்தான் வருவார்கள். பக்கத்தில் லோடுமேன், கிடங்கில் மூட்டை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். விசாரணை என்று ஒன்று வந்தால் அவனுக்கு வலி மறந்துபோகும்.

"முழுசா சொல்லுங்க," என்றார் செக்கர்.

அக்கா வாடகை நூலகம் நடத்துகிறாள். எண்பதுகளில் வார இதழ்களில் வந்த விஞ்ஞானத் தொடர்கதைகளை வாசகர்கள் வாராவாரம் கிழித்துச் சேர்ப்பார்கள். அதைத் தைத்து அட்டை போடுவது பைண்டரின் வேலை. இப்போது ஒரு பதிப்பாளர் அந்தக் கதைகளைத் தொகுப்பாகப் போட, பைண்டு செய்த பிரதிகளைக் கேட்டிருக்கிறார். கொடுக்க எடுத்தால், சனிக்கோள் கதையின் இரண்டு பிரதியிலும் ஒரு தாள் இல்லை. பிளேடு வெட்டு.

"'கத்தி பிடிக்கிறவன் நீதானே'ன்னு போன வாரம் துரத்திட்டா. தெரு பூரா சொல்லியாச்சு. பள்ளிக்கூடத்துப் புத்தகம் கொடுத்தவங்ககூடத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க. இந்த வயசுல நான் வேற எந்த வேலைக்குப் போறது?"

லோடுமேன் குதித்தான். "சனிக்கோள் கதையா? மூணாவது பிரதி எங்கிட்டதான் இருந்துச்சு! நேத்து சாயங்காலம்தான் திருப்பிக் கொடுத்தேன். ஒரு பக்கம் விடாம படிச்சேன் சார். தனியா சனிக்கோளுக்குப் போன பொண்ணு பேசுறது வீட்டுக்கு வந்து சேர வருஷக்கணக்கு ஆகுது. வந்தப்ப, அப்படி ஒருத்தி இருந்ததையே வீட்டுல மறந்துட்டாங்க. அழுதுட்டேன்."

"அப்புறம் அழலாம், வா," என்று செக்கர் எழுந்தார்.

நூலகம் என்பது நீளமான ஒற்றை அறை. கூரை வரைக்கும் தட்டுகள். மூக்குக்கண்ணாடியோடு மேசைக்குப் பின்னால் அக்கா. தம்பியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க யாரு, போலீஸா?"

"டிக்கெட் செக்கரும்மா."

"இங்க யாரும் ஓசியில ஏறல. போயிட்டு வாங்க."

"அந்தக் கதையை மட்டும் ஒருதரம் பார்த்துட்டுப் போறேன்."

மூன்று பிரதிகளையும் மேசையில் போட்டாள். மூன்றிலும் வெட்டு. லோடுமேன் வாயைத் திறந்தான். செக்கர் அவன் காலை மிதித்தார். பிறகு பொறுமையாகக் கடைசித் தாளைப் புரட்டினார்.

"முடிவு பத்திரமா இருக்கே. போனது அதுக்கு முந்தின தாள். முடிவைக் கெடுக்கணும்னு நினைக்கிறவன் முடிவை விட்டுட்டுப் போக மாட்டான். அப்போ வெட்டினவங்களுக்கு வேண்டாதது கதை இல்ல, அந்தத் தாளோட பின்பக்கம். பைண்டரே, அட்டை மொத்தமா நிக்க உள்ளே என்ன ஒட்டுவீங்க?"

"அந்தந்த இதழோட மிச்சத் தாளைத்தான். இதுக்கு, கிழிஞ்ச பிரதி ஒண்ணு கூட வந்துச்சு. அதைத்தான் ஒட்டின ஞாபகம்."

அக்காவின் கை மேசை விளிம்பைப் பற்றியது. பைண்டர் ஈரத் துணியால் அட்டைகளை நனைத்து, பழகிய விரலால் ஒவ்வொன்றாக உரித்தார். இரண்டாவது பிரதியின் அட்டைக்குள், கிழிந்த பிரதியிலிருந்து ஒட்டிய அதே தாள் இருந்தது. அதைச் செக்கரிடம் நீட்டியபோது பைண்டரின் முகம் மலர்ந்திருந்தது.

"நீங்க வெட்டலை," என்றார் செக்கர். "வெட்டியிருந்தா, அட்டைக்குள்ள இன்னொண்ணு இருக்குன்னு நீங்களே காட்டிக் கொடுப்பீங்களா? அதோட, மூணாவது பிரதி நேத்து சாயங்காலம் முழுசாத்தான் இங்க வந்துச்சு. நீங்க போன வாரமே வெளியே. அதுக்கப்புறம் இந்த அறையில புத்தகத்தைத் தொட்டவங்க ஒரே ஆள்."

யாரும் அக்காவைப் பார்க்கவில்லை. அவள்தான் எல்லாரையும் பார்த்தாள்.

"ஆமா, நான்தான் வெட்டினேன். பின்பக்கத்தைப் படிங்க சார். சத்தமா."

கட்டம் கட்டிய சிறு அறிவிப்பு. செக்கர் வாசித்தார்: "இத்தொடர்கதை தன்னுடையது என்று ஒரு வாசகி நம் அலுவலகம் வந்து பிரச்சினை செய்தார். அவருக்குச் சித்தசுவாதீனம் இல்லை என்று அவருடைய தம்பியே நேரில் வந்து வருத்தம் தெரிவித்துச் சென்றார். நம் எழுத்தாளரின் புகழுக்கு இதனால் களங்கம் ஏதுமில்லை. ஆசிரியர்."

பைண்டர் நனைந்த துணியைப் பிழிந்தார், பிழிந்துகொண்டே இருந்தார்.

"அதை அச்சுலயா போட்டாங்க?" என்றார்.

லோடுமேன் பைண்டரைத் திரும்பிப் பார்த்தான். என்ன இது என்று அவர் கேட்கவில்லையே.

"போட்டிக்கு நான் அனுப்பின கதை," என்றாள் அக்கா. "அடுத்த வருஷம் பெரிய எழுத்தாளர் பேர்ல வருது. கேட்கப் போனேன், காவலாளியை விட்டுத் துரத்தினாங்க. என்னைப் பார்க்கவே பயந்தாங்க. ஏன்னு அப்போ புரியல. அந்தக் கதையை அன்னையிலிருந்து நான் பிரிச்சதே இல்ல. பதிப்பாளர் கேட்டாருன்னு போன வாரம் பிரிச்சேன். இவனுக்கு அந்தக் காலத்துல அவங்க அச்சகத்துல பைண்டிங் வேலை எப்படிக் கிடைச்சதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது."

"அக்கா, வீட்டுல அப்போ..."

"பேசாதடா. சாப்பாடு போட்டு உன்னை வளர்த்தவளுக்குப் பைத்தியம்னு சொன்ன வாய் அது. பேசாத."

செக்கர் தாளை மடிக்காமல் மேசைமேல் வைத்தார். தொழிலில் பாதியில் நிறுத்தி அவருக்குப் பழக்கமில்லை. "எடுத்த வேலையை முடிக்கணும். பைண்டரே, தாளை வெட்டினது நீங்க இல்லைன்னு தெருவுல யார்கிட்ட வேணாலும் வந்து சொல்றேன்."

"சொல்லுங்க," என்றாள் அக்கா. "பின்ன அக்கா ஏன் வெட்டினான்னு கேட்பாங்க. அதையும் சேர்த்துச் சொல்லுங்க. பதிப்பாளர் நாளைக்கு வர்றாரு, அவருக்கும் இந்தத் தாளை நானே கொடுக்கிறேன். இனிமே எனக்கு மறைக்க என்ன இருக்கு?"

பைண்டர் செக்கரின் கையைப் பிடித்தார். பசை நகங்கள் அழுந்தின.

"வேணாம் சார். யார்கிட்டயும் சொல்லாதீங்க. நான்தான் வெட்டினேன்னே இருக்கட்டும்."