பட்டியலில் ஒரு பொய்

போன் அலறியது.

"அக்கா... நான் கிறிஸ்டோ! ஸ்டேஷன்ல இருக்கேன். லதாவ நான் ஒண்ணும் பண்ணலக்கா! ஆல்பத்தக் குடுத்தேன், வந்துட்டேன்... அவ்ளோதான்!"

லைன் கட்!

பியூலா திரும்ப அழைத்தாள்; யாரும் எடுக்கவில்லை.

ராபர்ட்சன்பேட்டையில் தம்பி கிறிஸ்டோவின் போட்டோ ஸ்டுடியோ. அதன் மூலையில் ஒரு கம்ப்யூட்டர். அதில்தான் 'மாலை ஷிப்ட்'டை நடத்துகிறாள் பியூலா. பொழுது சாய்ந்தால் எங்கே கரோக்கே, எங்கே டிஜே, எங்கே ஆர்கெஸ்ட்ரா என்று சொல்லும் வாட்ஸ்அப் பட்டியல். பெங்களூர் ரயிலில் கசங்கி வீடு திரும்பும் ஜனங்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் சட்டையே மாற்றுவார்கள்.

நிகழ்ச்சி நடந்து முடிந்ததும் விசாரித்து, ஒரு பச்சை டிக் போடுவாள். டிக் விழுந்தால் அது நடந்தது. ஊரே நம்பியது.

போலீஸ் உட்பட!

நேற்று வெள்ளிக்கிழமை. மாலை ஏழரைக்கு லதா வீட்டில் கல்யாண ஆல்பம் கொடுத்தான் கிறிஸ்டோ. எட்டு மணிக்கு லதா பிணம்! கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது. கடைசியாகப் பார்த்தவன் கிறிஸ்டோ. விடியற்காலையில் ஜீப் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது.

இப்போது மணி பதினொன்று. ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் வழுக்கைத் தலை ஆசாமி ஒருவர் பேப்பருக்குள் முகம் புதைத்திருந்தார். அரை மணி நேரமாக ஒரே பக்கம்!

கண்ணாடிக் கதவு திறந்தது.

மனோகர்!

லதாவின் கணவன். கோடை வெயிலிலும் முழுக்கைச் சட்டை.

"இன்னா பியூலா... தம்பிய நெனச்சி அழுவுறியா?"

"வாங்க சார். என் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல."

மனோகர் வழுக்கையை ஓரக்கண்ணால் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"எனக்கும் தெரியும். நான் புருஷன். 'அந்தப் பையன் மேல சந்தேகமே இல்ல'ன்னு நான் சொன்னா, அவன் வெளிய வருவான்."

"சொல்லுங்க சார்... உங்களுக்குப் புண்ணியமாப் போவும்!"

"சொல்றேன். நீ ஒரு டிக் போடு."

"டிக்கா?"

"நேத்து ஏழுலருந்து ஒம்போது வரைக்கும் பூதிகோட்டை மண்டபத்துல நான் கரோக்கே பாடினேன். உனக்குச் சொல்ல மறந்துட்டேன். இன்ஸ்பெக்டரம்மா ஆதாரம் கேக்குது. உன் பட்டியல்ல இருந்தா போதும்!"

"இல்லன்னா?"

"உன் தம்பி உள்ள இருப்பான். வருஷக்கணக்குல!"

பியூலா கீபோர்டில் விரல் வைத்தாள்.

ஒரே ஒரு டிக். கிறிஸ்டோ மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பான். ஆசையாகத்தான் இருந்தது. சத்தியமாக ஆசையாக இருந்தது!

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க வழக்கம் ஒண்ணு இருக்கு சார். போடறதுக்கு முன்னாடி படிச்சிக் காட்டுவேன். நீங்க சரின்னு சொல்லணும்."

"படி, படி!"

"வெள்ளி மாலை ஏழு மணி. பூதிகோட்டை மண்டபம்."

"கரெக்ட்."

"கரோக்கே. பாடியவர் மனோகர்."

"கரெக்ட்!"

"சவுண்டு செட்... பங்காருபேட்டை ஏனோக்."

மனோகர் ஒரு கணம் விழித்தான். ஒரே ஒரு கணம்தான்.

"ஆங்... ஏனோக்! மைக் டெஸ்ட் பண்ணதே அவர்தானே! நான்தான் டீ கூட வாங்கிக் குடுத்தேன்."

"நல்லா ஞாபகம் இருக்கா சார்?"

"இன்னாம்மா இப்படிக் கேக்கற? ரெண்டு மணி நேரம் பக்கத்துலயே நின்னாரு!"

பியூலா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"ஒவ்வொரு பட்டியலயும் படிச்சிக் காட்டறப்ப ஒரு பொய்யக் கலப்பேன் சார். நெசமா நடத்தினவங்க, 'ஐயோ, அது தப்பும்மா'ன்னு குதிப்பாங்க. நடத்தாதவங்க... மாட்டிக்குவோமோன்னு எல்லாத்துக்கும் தலையாட்டுவாங்க!"

"இ... இன்னா சொல்ற?"

"பங்காருபேட்டைல ஏனோக்னு சவுண்டு செட்டுக்காரரே கெடையாது!"

"ஆனா, ஏனோக்னு ஒருத்தன் இருக்கான்," என்றது ஒரு குரல்.

பேப்பர் கீழே இறங்கியது. வழுக்கை எழுந்தது.

"சப் இன்ஸ்பெக்டர் ஏனோக். நேத்துதான் டிரான்ஸ்ஃபர்ல வந்தேன். கிறிஸ்டோவோட கேமராவ சோதிக்க வந்த எடத்துல, இந்தம்மா என் பேரையே எடுத்து உட்டுச்சி!"

மனோகர் கதவுக்குப் பாய்ந்தான்! ஏனோக் கையைப் பிடித்து இழுக்க, முழுக்கைச் சட்டை தோளோடு கிழிந்தது.

முழங்கை வரை நகக் கீறல்கள்! லதா சும்மா சாகவில்லை.

"எனக்கு... எனக்கு வேற வழி தெரியல சார்..." மனோகர் அப்படியே தரையில் சரிந்தான்.

ஏனோக் விலங்கை மாட்டினார். போனில் இன்ஸ்பெக்டரிடம் இரண்டு வார்த்தை பேசினார்.

"உன் தம்பி சாப்பாட்டுக்கு வந்துடுவான்மா. எல ஒண்ணு சேத்துப் போடு."

பியூலா ஓவென்று அழுதாள்.

வாசல் வரை போன ஏனோக் திரும்பினார்.

"பட்டியல்ல ஒண்ணு சேத்துக்கம்மா. இன்னைக்கு சாயங்காலம், மனோகர் கச்சேரி, எங்க ஸ்டேஷன் லாக்கப்ல. உள்ள வர்றது ஃப்ரீ... வெளிய போறதுதான் கஷ்டம்! ஒண்ணே ஒண்ணு மட்டும் மறக்காமப் போடு..."

"இன்னா சார்?"

"இந்த வாட்டி டீ என் செலவு!"