மடக்குக் கத்தியில் பாதி அப்பா

"எங்கப்பாவுல பாதியைக் காணோம்" என்றார் தபால் அம்மா.

மழைக்கு முந்திய மந்தமான பிற்பகல். ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம்கூட அரைத்தூக்கத்தில் இருந்தது. நிதானம் தன் வீட்டில் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்திருந்தார். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார் என்பதால் ஊர் அவருக்கு வைத்த பெயர் அது. எது காணாமல் போனாலும் ஊர் அவரிடம்தான் வரும். அவர் மைத்துனனுக்கு ஊர் வைத்த பெயர் அவசரம். அதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

"பாதின்னா? எந்தப் பாதி?" என்று அவசரம் எழுந்தே விட்டான்.

தபால் நிலைய ஜன்னலுக்குப் பின்னால் வேலை பார்த்தே தலை நரைத்த அந்த அம்மாள், கைப்பையிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்து மேசையில் வைத்தார். அழகான கத்தி. அலகின் துருவை நீக்கி மங்கலாக மெருகேற்றியிருந்தார்கள். கைப்பிடியின் இரண்டு பக்கமும் புதிதாக மரம் பதித்து, முனைகளில் பித்தளை கட்டியிருந்தது.

"அப்பா எனக்கும் என் தம்பிக்கும் ஒரே மாதிரி வாங்கித் தந்த கத்தி. என்னோடதுல பிடி உடைஞ்சு போச்சு. அப்பா கடைசிக் காலம் முழுக்க நாற்காலியிலதான் இருந்தார். அந்த நாற்காலியோட கையை அவர் உள்ளங்கை தடவித் தடவியே குழிச்சிருந்தது. கரையான் தின்னது போக விரல் நீளத்துக்கு மரம் மிஞ்சிச்சு. அதைப் பிளந்து ரெண்டு பக்கமும் வைங்கன்னு கத்திக்காரர்கிட்ட கொடுத்தேன். கடை வெளிச்சத்துல ஒண்ணும் தெரியலை. வீட்டு ஜன்னல்ல வச்சுப் பாத்தா, ஒரு பக்கம் அப்பா, இன்னொரு பக்கம் யாரோ."

அவர் வெள்ளிக்கிழமை மகளோடு வேறு ஊருக்குப் போகிறார். வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. அப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு போகவேண்டும் என்பது மட்டும்தான் மிச்ச ஆசை.

"தையல்காரத் தம்பி என்ன சொல்றார்?" நிதானம் கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"அவன் பேச்சை எடுக்காதீங்க. அம்மாவோட தையல் மெஷினை அவன் தூக்கிட்டுப் போனான், நாற்காலியை நான் எடுத்துக்கிட்டேன். அன்னிக்கு வாய்ச்சண்டை முத்திப் போச்சு. அதோட சரி."

நிதானம் இப்போது கண்ணைத் திறந்தார். கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் அப்பா நாற்காலியின் செம்மரம், குளத்தில் காற்றடித்த மாதிரி ரேகைகள். மறுபக்கம் கருத்த மரம், ஒரு மூலையில் மட்டும் பித்தளைப் பொட்டு. அந்தக் கருத்த பக்கத்தை மூக்கருகே கொண்டுபோய் நெடுநேரம் வைத்திருந்தார். தூங்கிவிட்டாரோ என்று அவசரத்துக்குச் சந்தேகம் வந்தது.

அன்று மாலையே இருவரும் போனபோது, கத்திக்காரரின் பட்டறையில் மரத்தூள் மங்கலான வெளிச்சத்தில் மெல்ல மிதந்துகொண்டிருந்தது. சுவர் முழுக்கப் பலகைத் துண்டுகள், வெளிர் மஞ்சளிலிருந்து கன்னங்கருப்பு வரை. அவற்றில் செம்மரமும் நிறைய இருந்தது.

"மரம் கெட்டுப் போகலை. யாருக்கும் விக்கவும் இல்லை" என்றார் அவர், கையைத் துடைத்தபடி. "அதுக்கு மேல கேக்காதீங்க."

"பிளந்தா ரெண்டு பட்டையும் எப்படி வைப்பீங்க?" என்றார் நிதானம்.

"புத்தகத்தை விரிக்கிற மாதிரிதான். இந்தப் பக்கத்து ரேகை அந்தப் பக்கத்துக்குக் கண்ணாடியா இருக்கணும். ஜோடியைப் பிரிச்சா எனக்குத் தூக்கம் வராது."

"இப்ப தூங்குறீங்களா?"

கத்திக்காரர் துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

வெளியே வந்ததும் அவசரம் பொரிந்து தள்ளினான். "மாமா, விஷயம் உள்ளங்கை நெல்லிக்கனி. ஒரு பட்டையை உடைச்சுட்டாரு. மறைக்க வேற மரத்தை ஒட்டிட்டாரு."

"மறைக்கிறவன் அலமாரியில அத்தனை செம்மரம் இருக்கும்போது கருப்பை ஏன் எடுக்கணும்?" என்றார் நிதானம். "ஓடிப்போய்த் தையல்காரரைக் கூட்டிட்டு வா. அவரோட கத்தியும் வரணும். நாளைக்குக் காலையில, இங்கேயே."

மறுநாள் பட்டறைக்குத் தையல்காரர் வந்தார். முன்பே வந்திருந்த அக்காவைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். அக்காள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிதானம் கத்தியை ஜன்னலோரம் வைத்தார். "இந்தப் பொட்டு அலங்காரம் இல்லை. அலங்காரம்னா நடுவுல இருக்கும், இல்லேன்னா ரெண்டு பக்கமும் இருக்கும். இது பழைய திருகு ஓட்டையை அடைச்சது. சுத்தியும் துருக்கறை. ஓட்டையில்லாத மரம் இவ்வளவு இருக்க, ஓட்டை மரத்தை ஒருத்தர் எடுக்கிறார்னா, அந்த மரம்தான் வேணும்னு அர்த்தம். சரி, எந்த மரம்? மோந்து பாத்தேன். மெருகுக்கு அடியில, மரத்துக்குள்ளேயே ஊறின எண்ணெய் வாடை. தையல் மெஷின் எண்ணெய்."

தபால் அம்மா மெல்லத் திரும்பினார்.

"கத்திக்காரர் ஜோடியைப் பிரிக்காதவர். பிரிச்சார்னா, கேட்டவர் அதுக்கு உரிமை உள்ளவர். உங்கப்பாவுக்கு ரெண்டு பிள்ளைங்க, ரெண்டு கத்தி."

தையல்காரர் சட்டைப்பையிலிருந்து தன் கத்தியை எடுத்தார். "பிடி மாத்தலாம்னு வந்தேன். மேசையில அப்பா நாற்காலி மரம் பிளந்து கிடந்துச்சு. அந்தக் குழி தெரியாதா எனக்கு? ஒரு பட்டையை எனக்குக் கேட்டேன். சும்மா எடுக்க மனசு வரலை. வீட்டுக்குப் போய் அம்மா மெஷின் பலகையில ஒரு துண்டு வெட்டிட்டு வந்து கொடுத்தேன். அதை ரெண்டாக்கி, அக்காவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. சொன்னா அக்கா திருப்பிக் கேப்பான்னு, சொல்லக் கூடாதுன்னு இவர்கிட்ட வாக்கு வாங்கிட்டேன்."

"அவங்ககிட்ட கேட்டிருக்கணும். தப்பு என்னோடதுதான்" என்றார் கத்திக்காரர்.

நிதானம் இரண்டு கத்திகளையும் செம்மரப் பக்கம் மேலே தெரிய அருகருகே வைத்தார். ரேகைகள் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்ப்பதுபோல் நின்றன. தபால் அம்மா இரண்டின் மேலும் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"பலகையை வெட்டிட்டு, மெஷினை எதுல வச்சுடா தைக்கிற?" என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

"ஒரு பக்கம் செங்கல் முட்டுக் கொடுத்திருக்கேன்."

"அறிவிருக்கா உனக்கு? அம்மா பாத்திருந்தா முதுகுல ரெண்டு வச்சிருப்பா." கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை.

"அம்மா, வேணும்னா ரெண்டு செம்மரப் பட்டையையும் கழட்டி உங்க கத்தியிலேயே பதிச்சுத் தர்றேன்" என்றார் கத்திக்காரர். "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுடுவேன்."

தையல்காரர் தன் கத்தியை அக்கா பக்கம் நகர்த்தினார்.

தபால் அம்மா அதை எடுத்தார். மடக்கினார். தம்பியின் சட்டைப்பையிலேயே திரும்பப் போட்டார்.

"உன்கிட்டயே இருக்கட்டும். மிச்ச அப்பாவைப் பாக்கணும்னா உன் வீட்டுக்கு வர்றேன்."