ஏழாவது நிமிடத்தில் சிவப்பு!

போன் அலறியது.

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் அப்போது இருந்தது கெமிஸ்ட் ஒருத்திதான். எடுத்தாள்.

"அக்கா... காலேஜ் வாசல்ல... என்னை வேன்ல..."

தங்கை! யாரோ அவள் வாயைப் பொத்தினார்கள். லைன் செத்தது.

பின்னால் கதவு திறந்தது.

மிளகாய்ப்பொடி மில் முதலாளி. கையில் ஒரு பாக்கெட்.

"பதறாதீங்க மேடம். குட்டிப் பொண்ணு பத்திரமா இருக்கா. இன்ஸ்பெக்டர் சீல் வெச்சு அனுப்பின என் மில் பொடி எங்க?"

அவள் மேஜையைக் காட்டினாள்.

"அது கிடக்கட்டும். இதை டெஸ்ட் பண்ணுங்க. என் வீட்டு அடுப்படிப் பொடி. 'சாயம் இல்லை'ன்னு ரிப்போர்ட் குடுங்க. தங்கச்சி வீடு வந்துடுவா."

"ரிப்போர்ட்டை சும்மாவே அடிச்சுத் தரேன் சார்..."

"மெஷின் போடற கோடும் கூடப் போகணுமே? நான் நேத்து முளைச்ச ஆளா? ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், ஜெயில்... எல்லா அடுப்படியிலயும் என் பிராண்டுதான்!"

அவள் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு திரும்பி நின்றாள். எடை போட்டாள். திரவம் ஊற்றிக் குலுக்கினாள். வடிகட்டினாள். அவருக்குத் தெரிந்தது அவள் முதுகு மட்டுமே.

விரல் நீளக் குப்பி ஒன்று மெஷினுக்குள் போயிற்று.

திரையில் கோடு ஊர்ந்தது. ஐந்து நிமிடம்... ஆறு...

ஏழாவது நிமிடத்தில் கோடு விருட்டென்று எழுந்தது!

"என்னது இது?"

"சூடான். ஷூ பாலிஷுக்குப் போடற சிவப்புச் சாயம்."

"யார்கிட்ட விளையாடறே! அது என் வீட்டுப் பொடி! என் பொண்ணு... மாசமா இருக்கா... தினம் அதைத்தான் சாப்பிடறா!"

"எங்க அரைச்சது?"

"மில்லுலதான். வீட்டுக்குன்னா முதல்ல மெஷினை மூணு தரம் கழுவச் சொல்லியிருக்கேன்!"

"எதுல?"

"தண்ணியிலதான்! வேற எதுல?"

"இந்தச் சாயம் தண்ணியில கரையாது சார்."

ஆயுசு முழுக்கச் சிவப்பாக்கியே பழகிய மனிதர்... முதல் தடவையாக வெளுத்தார்.

"எவ்... எவ்வளவு இருக்கு? குழந்தைக்கு ஏதாவது...?"

"அளவு தெரியணும்னா இன்னொரு தடவை ஓட்டணும்."

"ஓட்டேன்!"

"கை நடுங்குது சார்." நீட்டிக் காட்டினாள். நிஜமாகவே நடுங்கியது. "தங்கச்சி குரல் கேட்டா நின்னுடும்."

அவர் செல்போனை எடுத்தார்.

"டேய்! அந்தப் பொண்ணை இறக்கி விடு! ஏன் எதுக்குன்னு கேக்காதே... இறக்குடா!"

கால் மணி நேரம். ஒரு யுகம்!

போன் அடித்தது. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அக்கா! விட்டுட்டாங்க! போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கேன். எல்லாம் சொல்லிட்டேன். ஜீப் அங்கதான் வருது!"

"சரிடி. அங்கேயே இரு."

நடுக்கம் நின்றது. இரண்டாவது குப்பி உள்ளே போயிற்று.

ஐந்து... ஆறு... ஏழு...

கோடு படுத்தே கிடந்தது.

"சாயம் இல்ல. துளிகூட இல்ல. மில்லுல மெஷின் கழுவற லட்சணம் உங்க வீட்டம்மாவுக்குத் தெரியும் போல. வீட்டு மிக்ஸியிலயே அரைச்சிருக்காங்க. கெட்டிக்காரி!"

"அப்ப... முதல்ல வந்தது?"

அவள் ஒரு பழுப்பு பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள்.

"அசல் சூடான். மெஷின் சரியா ஓடுதான்னு பார்க்க நாங்க வெச்சிருக்கறது. உங்க வீட்டுப் பொடியை இப்பதான் முதல் தடவையா ஓட்டினேன்."

"அடிப்பாவி! அந்த சீல் பாக்கெட்?"

"பிரிக்கவே இல்லையே! அடுத்து அதுதான்."

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம்! முதலாளி தன் வீட்டுப் பாக்கெட்டை நோக்கிக் கையை நீட்டினார். அவள் அதை நகர்த்தி வைத்தாள்.

"இது இனி உங்களுக்கு எதுக்கு சார்? ஜெயிலுக்குத்தான் உங்க பிராண்டே போகுதே!"