ஏழாம் நம்பர் வண்டியின் இணைப்பு

விஜயதசமியன்று காலை பத்து மணிக்குச் சுகன்யா திருச்செங்கோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோ பிடித்து, சங்ககிரி ரோட்டில் இருந்த அந்த போர்வெல் ரிக் வண்டி ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தாள். ஆபீஸ் என்று பெயர்தானே தவிர, அது ஒரு பழைய வீடு. முன்கூடத்தில் மேசை நாற்காலி, நடுக்கூடத்தில் நான்கு கம்ப்யூட்டர், பின்னால் ஜன்னலே இல்லாத ஓர் அறை. வாசலில் முந்தின நாள் ஆயுத பூஜைக்கு உடைத்த பூசணிக்காயின் குங்குமச் சிவப்பு இன்னும் காயவில்லை.

அவள் சேலம் அம்மாபேட்டையில் கதிர்வேல் நடத்தும் சின்ன சாப்ட்வேர் கடையில் வேலை பார்க்கிறவள். எந்த வண்டி எந்த ஊரில் எத்தனை அடி போர் போட்டது, வண்டியில் யார் யார் இருந்தார்கள் என்பதைப் பதிந்து வைக்கும் சாப்ட்வேரை இந்தக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தவர் கதிர்வேல்தான். இங்கே கோளாறு என்றால் மூன்று வருடமாக அவரே ஓடி வருவார். சுகன்யாவை ஒருநாளும் அனுப்பியதில்லை. அதைக் கருணை என்றே அவள் நினைத்திருந்தாள்.

ஏனென்றால் அவளுடைய அண்ணன் அறிவு இந்தக் கம்பெனி வண்டியில்தான் வேலைக்குப் போனான். வடக்கே போன இடத்தில் யாரோ ஒருத்தியோடு ஓடிப் போனான். முதலாளி கைலாசம் சொல்லியனுப்பிய அந்தச் சேதியை வீட்டுக்கு வந்து பக்குவமாகச் சொன்னவர் கதிர்வேல். மறு வாரமே சுகன்யாவுக்கு வேலையும் கொடுத்தார். கூடப் பிறந்தவன் கைவிட்டான், பிறக்காதவன் கை கொடுத்தான் என்று அம்மா பெருமாயி தெருவெல்லாம் சொல்லி மாய்ந்தாள். மகனின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அரிசி மூட்டைக்குப் பின்னால் போட்டவளும் அவள்தான்.

இன்றைக்குக் கதிர்வேல் குடும்பத்தோடு பழனிக்குப் போயிருந்தார். போன் கிடைக்கவில்லை. காலை ஆறு மணியிலிருந்து இந்த ஆபீஸிலிருந்து கடைக்கு அழைப்புமேல் அழைப்பு. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் அல்லவா? அவர் கடையின் பேர் கெடக்கூடாது என்று சுகன்யா தானாகவே கிளம்பி வந்துவிட்டாள்.

"வாங்க அம்மிணி," என்று எழுந்தாள் மயிலம்மாள். ஐம்பது வயதிருக்கும். இந்த ஆபீஸை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்க்கிறவள். "தப்பு எம்மேலதானுங்க. ஆயுத பூசையன்னிக்கு ஆயுதத்தை ஓய விடோணும்ல? சர்வர் பொட்டியையும் நிறுத்தித் தொடைச்சு, பொட்டு வெச்சுக் கும்பிட்டேன். அத எப்பவுமே நிறுத்தக் கூடாதுன்னு கதிர் தம்பி சொல்லித்தான் இருந்துச்சு. ஒரு நாளைக்கு என்னன்னு நெனச்சேன்."

நிறுத்தியபோது அந்தப் பெட்டி தன்னைத்தானே அப்டேட் செய்துகொண்டுவிட்டது. மூன்று வருடமாகத் தேங்கிக் கிடந்த அப்டேட் அத்தனையும் ஒரே மூச்சில் ஏறியிருந்தது. காலையில் போட்டால் நான்கு கம்ப்யூட்டரிலும் ஒரே பல்லவி: டேட்டாபேஸுடன் இணைக்க முடியவில்லை.

"வடக்க எட்டு வண்டி நிக்குதுங்க. விசயதசமிக்கு எல்லாரும் புதுப் பாயிண்ட்ல போர் போடோணும். கம்ப்யூட்டர்ல போர் சீட்டு ஏறாம இரும்பு மண்ணுல எறங்கக் கூடாதுன்னு மொதலாளி சட்டம்."

"பாத்துடலாங்க அக்கா," என்றாள் சுகன்யா.

சர்வர் இருந்தது அந்த ஜன்னல் இல்லாத அறையில். சுவரோரம் தேய்ந்துபோன துளையிடும் பிட்டுகள் குவிந்து கிடந்தன. பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். டியூப் லைட் எரிந்தும் மூலைகளில் வெளிச்சம் போதவில்லை. வெளியே சுள்ளென்று வெயில் அடிக்க, உள்ளே மட்டும் கால் ஜில்லிட்டது.

கோளாறு பெரிதாகத் தெரியவில்லை. அப்டேட்டில் டேட்டாபேஸ் சர்வீஸ் நின்று போயிருந்தது. அதை ஓட விட்டாள். அடுத்தது ஃபயர்வால். யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்று பட்டியல் வைத்திருக்கும் வாட்ச்மேன் அது. அப்டேட் அந்தப் பட்டியலையே அழித்துவிட்டு வெறும் வாட்ச்மேனை நிறுத்தியிருந்தது. சரி, இப்போதைக்கு வண்டியிலிருந்து வருகிற எல்லாரையும் விடு என்று ஒரே வரியில் கதவைத் திறந்து வைத்தாள்.

"வந்துருச்சு அம்மிணி," என்றாள் மயிலம்மாள் கூடத்திலிருந்து.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"போயிருச்சுங்களே."

இந்த முறை சர்வர் வேறு காரணம் சொன்னது. இடமில்லை. அந்த டேட்டாபேஸில் ஒரே நேரத்தில் நூறு இணைப்புக்குத்தான் இடம். நிர்வாகிக்கென்று ஒதுக்கிய வழியில் நுழைந்து, யார் அத்தனை இடத்தையும் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர்.

ரிக்-7. ரிக்-7. ரிக்-7.

"ஏழாம் நம்பர் வண்டியில இருக்கற, சீட்டு ஏத்தற டேப்லட் கெட்டுப் போச்சு போல அக்கா. ஒரே ஆளே எல்லா இடத்தையும் புடிச்சிருக்கு. டிரைவருக்குப் போன் போட்டு அத நிறுத்தச் சொல்லுங்க."

 மயிலம்மாள் எழுந்து வந்து அறை வாசலில் நின்றாள்.

"ஏழாம் நம்பரா? அத வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டு மூணு வருசம் ஆச்சுங்களே. மாஸ்ட் கம்பத்தைத் தூக்கறப்ப மேல போன கரண்டுக் கம்பில பட்டு, வண்டியே கருகிப் போச்சு. டேப்லட்டும் அதுலயே எரிஞ்சிருச்சு. ஆளுகளுக்கு ஒண்ணும் ஆகலைன்னு மொதலாளி வந்து சொன்னாரு."

சுகன்யாவுக்குச் சிரிப்புதான் வந்தது. வேறு ஏதோ எந்திரத்துக்கு அந்தப் பழைய பெயரை வைத்திருப்பார்கள். இணைப்புகளை ஒவ்வொன்றாகத் துண்டித்தாள். துண்டிக்கத் துண்டிக்க வந்தன. மொத்தமாக நூறையும் துண்டித்தாள்.

நூறும் திரும்பி வந்தன.

அப்போதுதான் அந்த வாசனை. போர் போடும் இடத்தில் ஈரக் கல்தூளும் டீசலும் கலந்து வருமே, அது. லீவுக்கு வரும்போதெல்லாம் அண்ணனின் சட்டையில் இருந்த வாசனை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது என்று அம்மா அலுத்துக்கொள்வாள். சுகன்யா கீபோர்டைப் பார்த்தாள். சற்று முன்பு துடைத்து வைத்ததுபோல இருந்த எழுத்துகளின் மேல் வெள்ளையாக, மெல்லிசாகத் தூள் படிந்திருந்தது.

அவள் விரல் படாத எழுத்துகளின் மேலும் விரல் பட்ட தடம் இருந்தது.

"அக்கா, இங்கயே இருங்க," என்றாள்.

"எங்கயும் போகல அம்மிணி."

அழிந்துபோன பழைய பட்டியலின் நகல் எங்காவது இருக்கும் என்று தேடினாள். கதிர்வேல் ஒழுங்கானவர், எதையும் நகல் எடுத்து வைப்பார். அவருடைய ஃபோல்டரிலேயே இருந்தது. திறந்தாள். உள்ளே விடவேண்டிய வண்டிகளின் வரிசைக்கு மேலே, முதல் வரியில் ஒரே ஒரு தடை. ரிக்-7, உள்ளே விடாதே. தேதி மூன்று வருடத்துக்கு முந்தின ஆகஸ்ட் மாதம் இருபத்தேழு.

அதே ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம்தான் கதிர்வேல் அவர்கள் வீட்டுக்கு வந்து, அறிவு ஓடிப்போனதைச் சொன்னார்.

கருகிப்போன வண்டி உள்ளே வரக்கூடாது என்று ஒரு மனிதன் எதற்காகத் தடை போட வேண்டும்? வராத ஒன்றுக்கு யாராவது தாழ்ப்பாள் போடுவார்களா? மூன்று வருடமாக அது வந்து வந்து கதவில் நின்றிருக்கிறது. நேற்று அப்டேட் அந்தத் தாழ்ப்பாளை எடுத்தது. இன்றைக்கு அவளே கதவைத் திறந்துவிட்டாள்.

நூறு இணைப்பும் என்ன செய்கின்றன என்று பார்த்தாள். எல்லாம் போர் சீட்டு ஏற்றிக்கொண்டிருந்தன. நாளுக்கு ஒன்றாக, விடாமல், ஆயிரத்து நூற்றுச் சொச்சம் சீட்டுகள். இடம் ஒன்றே, இம்மியும் மாறவில்லை. நேரமும் ஒன்றே, பகல் பதினொன்று நாற்பது. ஆழம் என்ற கட்டத்தில் எல்லாச் சீட்டிலும் ஒரே எண்.

"அக்கா, ஆறடில போர் போடுவாங்களா?"

"ஆறடியா? எட்டு நூறு, ஆயிரம்னு போனாலே தண்ணி வரதில்ல. ஆறடில என்னத்தைப் பாப்பாங்க," என்ற மயிலம்மாள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவள் கை தானாக வாயைப் பொத்தியது.

வேலையாட்கள் என்ற கட்டத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

அறிவு.

வேலையாட்களின் பதிவைத் திறந்தாள். அறிவு, ஆகஸ்ட் இருபத்தைந்தாம் தேதியே வேலையை விட்டு விலகினார் என்று இருந்தது. அந்த வரி எப்போது திருத்தப்பட்டது என்று பார்த்தாள். இருபத்தேழாம் தேதி. திருத்தியவர் பெயர், கதிர்.

காலின் கீழே தரை அதிர்ந்தது. டக், டக், டக் என்று, வெகு ஆழத்தில் யாரோ அடிக்கிற மாதிரி.

அந்த நேரம் பார்த்துப் போன் ஒலித்தது. கதிர்வேல். மலையிலிருந்து இறங்கி, அவள் அனுப்பி வைத்திருந்த சேதியைப் பார்த்திருந்தார்.

"சுகன்யா, அங்க எதுக்குப் போன? யாரு போகச் சொன்னது?"

"அப்டேட் ஆயிருச்சுங்க. ஃபயர்வால் லிஸ்ட் போயிருச்சு."

அந்தப் பக்கம் நாதஸ்வரமும் கூட்டத்தின் இரைச்சலும் கேட்டன. அவர் குரல் மட்டும் இறங்கியது.

"ஒண்ணும் பாக்காத. என் ஃபோல்டர்ல பழைய லிஸ்ட் இருக்கு, அத அப்படியே ஏத்திட்டு வெளிய வந்துரு. எல்லாம் சரியாயிரும்."

"எங்கண்ணன் எங்க இருக்கான்?"

அவர் கூட்டத்தை விட்டு ஒதுங்கி நடந்தது, இரைச்சல் குறைந்ததில் தெரிந்தது.

"அவன் அந்த வண்டியிலதான இருந்தான்?"

"சுகன்யா, நான் என்ன பண்ணட்டும். வண்டிக்குப் பேப்பர் சரியில்ல. கேஸாச்சுன்னா கம்பெனியே மூடிரும்னு கைலாசம் கால்ல உழாத கொறையாக் கேட்டாரு. நான் ஒத்த வரிதான் மாத்தினேன். பொதைச்சதெல்லாம் அவுங்க. மாத்தின அன்னிக்கே எரிஞ்சு போன அந்த வண்டியிலருந்து சீட்டு வந்துச்சு. பயந்து போயித்தான் தடை போட்டேன்." அவருக்கு மூச்சு வாங்கியது. "உனக்கு வேலை குடுக்கலயா நானு? கூடப் பொறந்தவன் மாதிரி பாத்துக்கலயா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் ஒரு முழு மனிதனை மறைத்துவிட்டு, அவன் தங்கைக்கே மூன்று வருடம் சோறு போட்டிருக்கிறார். அந்தச் சோற்றைத் தின்றுகொண்டு அவளும் அம்மாவும் அண்ணனைத் தூற்றியிருக்கிறார்கள். ஓடுகாலி என்றார்கள். பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்றார்கள். இந்த ஆளைக் கும்பிட்டார்கள். பொங்கலுக்குப் பொங்கல் வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தார்கள். நம்பினவர் கழுத்தை அறுப்பதென்றால் கத்தி வேண்டும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"தடையைப் போடு சுகன்யா. அவன் உள்ள வந்தா யாருக்கும் நல்லதில்ல."

"போட மாட்டேன்," என்றாள். எப்போதும் அவரைக் கூப்பிடும் அண்ணா என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. அழைப்பைத் துண்டித்தாள்.

பழைய பட்டியலை அழித்தாள். கதிர் திருத்திய வரியை எடுத்துவிட்டு, அறிவு வேலையில் இருக்கிறார் என்று பழையபடியே மாற்றினாள். சீட்டில் இருந்த இடத்தை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டாள். மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஒரு சோளக்காடு அது.

இணைப்புகள் ஒவ்வொன்றாக விலகின. நூறு, அறுபது, பன்னிரண்டு. தரையின் அதிர்வும் நின்றது. கடைசியில் ரிக்-7 என்று ஒரே ஒரு இணைப்பு மட்டும் போகாமல் நின்றது. ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் அனுப்பவில்லை, சும்மா இருந்தது.

கூடத்தில் நான்கு கம்ப்யூட்டரும் வேலை செய்யத் தொடங்கின. மயிலம்மாள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சத்தியமா எனக்குத் தெரியாது சாமி," என்றாள். "ஓடிப் போயிட்டான்னுதான் எங்ககிட்டயும் சொன்னாங்க. உங்க ஊட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும் நானு."

சுகன்யா தலையை ஆட்டினாள். கதிர்வேல் போட்ட தடை இது ஒன்றுதானா என்று யோசித்தவளுக்கு, ஆகஸ்ட் இருபத்தெட்டு சாயங்காலம் முழுசாக நினைவுக்கு வந்தது. அழுதுகொண்டிருந்த அவள் கையிலிருந்து கதிர்வேல் போனை வாங்கினார். அந்தப் பயல் கூப்பிட்டால் அம்மா மனசு மறுபடி உடையும், நானே தடுத்து வைக்கிறேன் என்றார். அண்ணனின் எண்ணைத் தடை செய்து அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். அவள் நன்றி சொன்னாள்.

போனை எடுத்து, தடுக்கப்பட்ட எண்களைத் திறந்தாள். ஒரே எண். அதன் கீழே தடுக்கப்பட்ட அழைப்புகள், விரல் வலிக்கத் தள்ளியும் முடியவில்லை. ஒவ்வொரு நாளும் பதினொன்று நாற்பதுக்கு ஒன்று. இன்றைக்கு மட்டும் பதினொன்று நாற்பதிலிருந்து நிமிடத்துக்கு நிமிடம்.

தடையை நீக்கினாள்.

போன் அதிர்ந்தது. அவள் விரலிடுக்கில் கல்தூள் நறநறத்தது.

"எடுக்காத அம்மிணி," என்று மயிலம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

சுகன்யா எடுத்துக் காதில் வைத்தாள். ரிக் வண்டியின் கம்ப்ரஸர் ஓடும் இரைச்சல் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அது நின்றது. யாரோ வாயில் அடைத்திருந்த மண்ணைத் துப்பினார்கள்.

"எத்தனை தடவ கூப்பிடறது பாப்பா," என்றது அண்ணனின் குரல். "நீயுமா எடுக்க மாட்டே?"